சோர்வு எப்போது தொடங்கியது? லிம்போமா சிகிச்சைக்குப் பிந்தைய உடல்தெம்பு குறித்த ஓர் ஆய்வு

லிம்போமாவிலிருந்து மீண்டவர்களின் சோர்வு பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே விளக்கத்தில் வந்து நிற்கிறது: கீமோ உடம்பை அடித்துப் போட்டுவிட்டது, நாளாக நாளாகச் சரியாகிவிடும். இது பாதி உண்மை. சிகிச்சை முடிந்து ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்தும் தெம்பு திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சோர்வு, அவர்கள் பெற்ற மருந்தின் கடுமையோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை என்று ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்தின் அளவை மட்டும் வைத்து இந்தச் சோர்வை விளக்க முடியாது என்றால், அது தொடங்கிய காலத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். நோய் கண்டறிந்த நாளிலேயே இருந்து, சிகிச்சைக்குப் பின்னும் விடாத சோர்வு ஒரு வகை. நடுவில் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்துவிட்டுப் பின்னால் தலைகாட்டும் சோர்வு இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணம் வேறு. செய்ய வேண்டியதும் வேறு. இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால் நோயை உறுதிசெய்த நாளிலேயே சோர்வை அளந்து கோப்பில் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதாத மருத்துவமனை, பின்னாளில் அதே நோயாளி ‘தெம்பே இல்லை’ என்று வந்து நிற்கும்போது அந்தச் சொல்லுக்குப் பொருள் காண முடியாமல் நிற்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

லிம்போமா என்பது ஒரே நோயல்ல. பல நோய்களின் குடும்பம். நெடுங்காலத் தரவுகள் மிகுதியாக இருப்பது ஹாட்ஜ்கின் லிம்போமாவில் என்பதால் வாதத்தை அதைக் கொண்டே எழுப்புகிறேன். மற்ற வகைகளை வேண்டிய இடத்தில் தொடுகிறேன்.

குணமானவர்கள் என்ற புதிய மக்கள்

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் இந்த நோயை விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். நிலைமையை மாற்றியவை மூன்று இடங்கள். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி காப்லன் நேர்முடுக்கியைக் கொண்டு கழுத்து, அக்குள், மார்பு மூன்றையும் ஒரே போர்வைபோல மூடும் கதிர்வீச்சை 1960களில் முறைப்படுத்தினார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சென்ட் டிவிட்டாவும் உடனிருந்தவர்களும் 1964இல் ‘மோப்’ என்ற நான்கு மருந்துக் கூட்டைத் தொடங்கினார்கள். மிலான் நகரில் ஜியான்னி பொனடோனா 1975இல் ‘ஏ.பி.வி.டி.’ கூட்டின் முதல் முடிவுகளை வெளியிட்டார். டாக்ஸோரூபிசின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின், டகார்பசின் ஆகிய நான்கும் கொண்ட அந்தக் கூட்டு இன்றும் சென்னை முதல் மிலான் வரை பயன்பாட்டில் இருக்கிறது. பின்னர் கொலோன் நகரை மையமாகக் கொண்டு வோல்கர் டீல் உருவாக்கிய ஜெர்மன் ஹாட்ஜ்கின் ஆய்வுக் குழு, முற்றிய நோய்க்கு ‘பீகாப்’ என்னும் இன்னும் கடுமையான கூட்டைக் கொண்டுவந்தது.

நல்ல வசதியுள்ள மையங்களில் இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். நோய் அதிகமாகத் தாக்கும் வயதுகளில் ஒன்று இருபதுகளும் முப்பதுகளும். ஆகவே குணமானவர் ஒருவருக்கு இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்க்கை மிச்சமிருக்கிறது. படிப்பு, வேலை, திருமணம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் சிகிச்சைக்குப் பிறகுதான்.

அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை போகப்போகத் தெரியத் தொடங்கியது. மார்புக் கதிர்வீச்சு பெற்ற இளம்பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், இதயத் தமனி அடைப்பு, மோப் பெற்றவர்களுக்கு இரத்தப் புற்றுநோய், மலட்டுத்தன்மை. அதன்பின் வந்த ஆய்வுகளின் போக்கே மாறியது. எவ்வளவு கொடுத்தால் குணமாகும் என்று கேட்டவர்கள், எவ்வளவு குறைத்தாலும் குணமாகும் என்று கேட்கத் தொடங்கினார்கள். பாதகமான அம்சங்கள் இல்லாத தொடக்கநிலை நோய்க்கு இரண்டு சுற்று ஏ.பி.வி.டி.யும் 20 கிரே கதிர்வீச்சும் போதும் என்று ஜெர்மன் குழுவின் எச்.டி.10 ஆய்வு 2010இல் நிறுவியது. பழைய போர்வைக் கதிர்வீச்சில் இதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தார்கள். இரண்டு சுற்றுக்குப் பின் எடுக்கும் பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நுரையீரலைக் கெடுக்கும் பிளியோமைசினை விட்டுவிடலாம் என்று பிரிட்டன் தலைமையிலான ராத்தல் ஆய்வு 2016இல் காட்டியது. உயிரையும் காத்து உறுப்புகளையும் காக்கும் இந்தக் குறைப்பு முயற்சிகள் ஒவ்வொன்றும் போற்றத்தக்கவை. ஆனால் இந்தக் குறைப்பெல்லாம் சோர்வையும் குறைத்துவிடும் என்று நம் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறதே, அதற்கு ஆதாரம் இல்லை.

நார்வே, ஜெர்மனி தரவுகள்

சோர்வைப் புலம்பலாக விட்டுவிடாமல் எண்ணாக்கிப் பார்த்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்று ஆஸ்லோவிலிருந்து வந்தது. யோன் ஹோவார் லோகேயும் அவருடைய சகாக்களும் ஹாட்ஜ்கினிலிருந்து மீண்ட 557 பேரிடம் சால்டர் சோர்வு வினாத்தாளைக் கொடுத்து, அதே வினாத்தாளை நார்வேயின் பொதுமக்களிடமும் கொடுத்தார்கள். 1999இல் வெளியான முடிவு இது: ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த கடும் சோர்வு பொதுமக்களில் 11 சதவீதத்தினருக்கு இருந்தது, மீண்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு இருந்தது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல ஆனவர்கள் இவர்கள். ‘எல்லாருக்கும்தான் அசதியாக இருக்கிறது’ என்று தட்டிக்கழிக்கும் பேச்சுக்கு இந்த ஒப்பீடு சரியான பதில். எல்லாருக்கும் இருக்கிறது என்பது மெய். இவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது என்பதும் மெய்.

ஜெர்மன் குழு இன்னொரு படி மேலே சென்றது. எச்.டி.13, 14, 15 என்ற மூன்று ஆய்வுகளில் தொடக்கநிலை நோயாளிகள் முதல் முற்றிய நிலை நோயாளிகள்வரை அனைவரும் இருந்தார்கள். சிலருக்கு இரண்டே சுற்று மென்மையான கீமோ; சிலருக்கு எட்டுச் சுற்றுக் கடும் பீகாப். அனைவரிடமும் சிகிச்சைக்கு முன்பே வாழ்க்கைத்தர வினாத்தாளை நிரப்பி வாங்கி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வாங்கினார்கள். 2016இல் வெளியான பகுப்பாய்வில் மூன்று செய்திகள் உள்ளன. நோய் கண்டறிந்த நேரத்திலேயே 37 சதவீதத்தினருக்குக் கடும் சோர்வு இருந்தது. பின்தொடர்ந்த ஆண்டுகளில் அது 20 முதல் 24 சதவீதம் என்ற அளவில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை. பின்னாளில் யாருக்குச் சோர்வு நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியவற்றில் முதன்மையானது தொடக்கத்தில் இருந்த சோர்வு. எந்த மருந்துக் கூட்டு, எத்தனை சுற்று என்பதற்கு அந்த அளவு செல்வாக்கு இல்லை.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993இல் வெளியிட்ட முப்பது கேள்விகள் கொண்ட சி-30 வினாத்தாளில் சோர்வுக்கென்று மூன்றே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் ஓய்வெடுக்க வேண்டியிருந்ததா, பலவீனமாக உணர்ந்தீர்களா, களைப்பாக இருந்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்பதற்கு 1 முதல் ‘மிக அதிகம்’ என்பதற்கு 4 வரை மதிப்பு. மூன்றின் சராசரியை எடுத்துப் பூச்சியம் முதல் நூறு வரையிலான அளவுக்கு மாற்றுகிறார்கள். மூன்றுக்கும் ‘கொஞ்சம்’ என்று சொன்னவருக்கு 33 கிடைக்கும். மூன்றுக்கும் அதற்கு அடுத்த படியைச் சொன்னவருக்கு 67. ஜெர்மன் குழு 50ஐயும் அதற்கு மேலும் பெற்றவர்களையே கடும் சோர்வுள்ளவர்கள் என்று எடுத்துக்கொண்டது. பத்துப் புள்ளி மாறினாலே நோயாளியின் வாழ்வில் வித்தியாசம் தெரியும் என்பது இந்த அளவுகோலைப் பயன்படுத்துவோரிடையே ஏற்கப்பட்ட கணிப்பு. மூன்று கேள்வி, இரண்டு நிமிடம். ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் ஸ்கேன் எடுக்காத மையம் இல்லை. இந்த மூன்று கேள்வியைக் கேட்கும் மையங்கள் குறைவு.

அதே ஜெர்மன் தரவின் இன்னொரு பக்கம் என்னை மிகவும் பாதித்தது. சிகிச்சை முடிந்து ஐந்தாண்டான பின் யார் யார் வேலையிலோ தொழிற்கல்வியிலோ இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கடும் சோர்வு இல்லாதவர்களில் பெண்கள் 78 சதவீதம், ஆண்கள் 90 சதவீதம். கடும் சோர்வு உள்ளவர்களில் பெண்கள் 51 சதவீதம், ஆண்கள் 63 சதவீதம். ஜெர்மனி எப்படிப்பட்ட நாடு என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்த கையோடு மறுவாழ்வு மையத்தில் சில வாரம் தங்கும் வசதி காப்பீட்டிலேயே அங்கு உண்டு. நாளுக்கு இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று படிப்படியாக வேலைக்குத் திரும்பும் ஏற்பாடு சட்டத்திலேயே உண்டு. இத்தனை தாங்குகோல் இருந்தும் சோர்வு இவ்வளவு பேரை வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நோய் அவர்களிடம் இல்லை. ஸ்கேன் சுத்தம். ஆனாலும் வேலைக்குப் போக முடியவில்லை.

நோயே தரும் சோர்வு

மருந்துக்கு முன்பே 37 சதவீதம் என்றால் சோர்வின் வேர் நோயின் இயல்பிலேயே இருக்க வேண்டும். ஹாட்ஜ்கின் கட்டியின் அமைப்பு இதற்கு இடமளிக்கிறது. கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898இலும் டாரதி ரீட் 1902இலும் விவரித்த, இரட்டைக் கரு கொண்ட பெரிய அணுக்கள்தாம் இந்த நோயின் புற்றணுக்கள். ஆனால் கட்டியில் அவை ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் அவை கூவி அழைத்த அழற்சி அணுக்கள். இந்தக் கூட்டம் இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை இரத்தத்தில் கொட்டுகிறது. காய்ச்சல், இரவில் படுக்கையே நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை இழப்பு என்று மருத்துவர்கள் ‘பி அறிகுறிகள்’ எனக் குறிக்கும் மூன்றும் இவற்றின் விளைவே. இன்டர்லூக்கின்-6 கல்லீரலை ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் உடலில் உள்ள இரும்பைப் பூட்டிவைக்கிறது. உணவில் இரும்பு இருந்தும் இரத்தசோகை வருகிறது. சைட்டோகைன்கள் மூளையையும் தொட்டு, சாதாரணக் காய்ச்சலில் நாம் எல்லாரும் அறிந்த அந்த முடங்கிக் கிடக்கும் மனநிலையை உண்டாக்குகின்றன. லோகேயின் நோயாளிகளைப் பின்னர் மறுபடி பார்த்த நார்வே குழு, நோய் தொடங்கியபோது பி அறிகுறிகள் இருந்தவர்களிடம் பின்னாளில் நீடித்த சோர்வு அதிகம் என்று கண்டது. முதல் நாளின் சுவடு பல ஆண்டு கழித்தும் அழியவில்லை.

கட்டி கரைந்த பிறகும் அந்தச் சுவடு ஏன் நிற்கிறது என்பதற்கு முழு விடை இன்னும் வரவில்லை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் ஜூலியன் பவர் கலிபோர்னியாவில் செய்த ஆய்வுகள், சோர்வுள்ளவர்களின் இரத்தத்தில் அழற்சிக் குறிகள் சற்று உயர்ந்தே இருப்பதைக் காட்டின. அணைந்ததாக நினைத்த அழற்சி தாழ்ந்த அளவில் தொடர்கிறது என்ற கருதுகோளுக்கு இது துணை. இதோடு, மாதக்கணக்கில் படுத்ததால் தசை கரைவதும் உறக்கம் கெடுவதும் நோய் திரும்பி வருமோ என்ற பயமும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மனச்சோர்வும் இதில் பின்னிக் கிடக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிடுவது நியாயமில்லை. காலையில் ஆர்வத்தோடு எழுந்து, குளித்து, பத்து மணிக்கே உட்கார்ந்துவிடுகிறவருக்கு ஆசை இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை.

பின்னால் முளைக்கும் சோர்வு

இரண்டாவது வகையை நான் எச்சரிக்கை மணியாகவே காண்கிறேன். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் ஏழாம் ஆண்டிலோ பதினைந்தாம் ஆண்டிலோ ‘கொஞ்ச நாளாகவே முடியவில்லை’ என்றால், அங்கே ஓர் உறுப்பைத் தேட வேண்டும்.

முதலில் தைராய்டு. காப்லன் பணியாற்றிய அதே ஸ்டான்ஃபோர்டில் 1961 முதல் சிகிச்சை பெற்ற 1,787 ஹாட்ஜ்கின் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1991இல் வெளியிட்ட ஆய்வு, இருபது ஆண்டுக்குள் தைராய்டு நோய் வரும் வாய்ப்பை 52 சதவீதம் என்று கணித்தது. பெரும்பாலானவை தைராய்டு சுரப்புக் குறைவு. கழுத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சு சுரப்பியை மெல்ல மெல்லக் கொல்கிறது. அதன் அறிகுறிகளோ சோர்வு, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல், முடி உதிர்தல் என்று யாருக்கும் வரக்கூடியவை. வயதாகிறது, வீட்டு வேலை அதிகம், கவலை என்று எதையாவது காரணமாகச் சொல்லிக் காலம் ஓடிவிடும். டி.எஸ்.எச். என்ற ஒற்றை இரத்தப் பரிசோதனை இதைச் சொல்லிவிடும். தினம் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை தெம்பை மீட்டுத் தந்துவிடும். இவ்வளவு எளிதாகத் தீரக்கூடிய ஒன்றை ஆண்டுக்கணக்கில் சுமக்க விடுவதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து இதயம். ஏ.பி.வி.டி. ஆறு சுற்றில் உடல்பரப்பின் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் சேர்கிறது. பெரிய பி-அணு லிம்போமாவுக்குக் கொடுக்கும் ஆர்-சாப் ஆறு சுற்றிலும் அதே 300தான். இது பொதுவான பாதுகாப்பு வரம்புக்குள் இருந்தாலும் மார்புக் கதிர்வீச்சோ இரத்த அழுத்தமோ சர்க்கரையோ சேரும்போது இதயத்தசை தளரலாம். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு முன்பே அது சோர்வாகத் தலைகாட்டும். நுரையீரலில் பிளியோமைசினும் கதிர்வீச்சும் விட்ட தழும்பும் இப்படித்தான். மீண்டவர்களில் நுரையீரல் செயல் குறைந்தவர்களிடம் சோர்வு அதிகம் என்று நார்வேயிலேயே கண்டிருக்கிறார்கள். போர்வைக் கதிர்வீச்சு பெற்ற பழைய தலைமுறையில் இன்னும் சில உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித் துடிப்பு வேகமாக இருக்கும். கழுத்து, தோள் தசைகள் கரைந்து, மாலைக்குள் தலையைத் தாங்கிப் பிடிப்பதே வேலையாகிவிடும். பீகாப் போன்ற கூட்டுகளுக்குப் பின் பெண்களுக்குச் சீக்கிரம் மாதவிடாய் நின்றுபோவதும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் சோர்வின் வேறு முகங்கள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மருந்தின் கடுமைக்கும் சோர்வுக்கும் தொடர்பில்லை என்று முன்பு சொல்லிவிட்டு, இப்போது மருந்தும் கதிர்வீச்சும் உறுப்பைக் கெடுத்துச் சோர்வு தருகின்றன என்றால் முரணில்லையா? முரணில்லை. ஜெர்மன் ஆய்வு முதல் சில ஆண்டுகளின் சராசரியைப் பார்த்தது. அங்கே முதல் வகைச் சோர்வே ஆதிக்கம் செலுத்துகிறது. உறுப்புச் சிதைவு அதற்கும் பின்னால், சிலருக்கு மட்டும், திடுமென வருகிறது; சராசரியில் அது கரைந்துபோகும். தனி ஒரு நோயாளியின் வரைகோட்டில்தான் அது தெரியும். 1ஆம் நாள் 60, இரண்டாம் ஆண்டு 55, ஐந்தாம் ஆண்டு 55 என்று ஓடும் கோடு ஒரு கதை. 1ஆம் நாள் 60, இரண்டாம் ஆண்டு 20, ஒன்பதாம் ஆண்டு 60 என்று ஏறும் கோடு வேறு கதை. ஒன்பதாம் ஆண்டில் மட்டும் பார்க்கிற மருத்துவருக்கு இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

மற்ற லிம்போமாக்கள்

பெரிய பி-அணு லிம்போமா வருகிறவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். இவர்களுக்குச் சோர்வின் ஓட்டத்தை நிர்ணயிப்பதில் பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டுக்குத் தனி இடம் உண்டு. ஆர்-சாப் சுற்று ஒவ்வொன்றிலும் ஐந்து நாள், நாளுக்கு 100 மில்லிகிராம் அளவில் அது போகிறது. அந்த ஐந்து நாளும் வீட்டார் வியப்பார்கள். பசி எடுக்கும், இரவு இரண்டு மணிக்கு அலமாரியை அடுக்கும் அளவுக்குச் சுறுசுறுப்பு. ஆறாம் நாள் மாத்திரை நின்றதும் ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இப்படி ஆறு தடவை. தொடைத் தசை இதில் கரைகிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடிவதில்லை. அதே கூட்டிலுள்ள வின்கிறிஸ்டின் விரல்நுனி நரம்புகளைத் தொடுவதால் சட்டைப் பொத்தான் போடுவதும் பூக் கட்டுவதும் கஷ்டமாகின்றன. செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமலே சிலர் நடக்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் கவனம் வைத்து நடப்பவருக்கு அதுவே களைப்பு. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் இந்த நோயின் சிகிச்சைப் பலனையே மாற்றிய மருந்து. ஆனால் பி-அணுக்களை அது வெகுகாலம் ஒடுக்கிவைப்பதால் சிலருக்கு இம்யூனோகுளோபுலின் குறைந்து சளியும் காய்ச்சலும் அடிக்கடி வந்து தெம்பை உறிஞ்சுகின்றன. ஃபாலிக்குலர் லிம்போமாவில் மருந்தே கொடுக்காமல் கண்காணித்து மட்டும் வரப்படுகிறவர்களும் சோர்வைச் சொல்கிறார்கள்.

மொத்த மதிப்பெண் மறைப்பது

வாழ்க்கைத்தரம் என்ற பெயரில் வெளிவரும் மொத்த மதிப்பெண்ணை நான் எச்சரிக்கையோடு படிக்கிறேன். சாவின் வாசல்வரை போய்வந்தவர், தன் வாழ்க்கையை அளக்கும் கோலையே மாற்றிக்கொள்கிறார். முன்பு குறையாகத் தோன்றியது இப்போது குறையாகத் தோன்றுவதில்லை. இந்த உள்மாற்றத்தை ஸ்பிராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் கோட்பாடாக வரையறுத்தார்கள். ‘மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்?’ என்றால் ‘கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்’ என்பார். அது பொய்யல்ல, நன்றியின் மொழி. அதே மனிதர் சந்தைக்குப் போய்வந்தால் பிற்பகல் முழுவதும் படுத்துக் கிடப்பார். ஆகவே சோர்வைத் தனியாகக் கேட்க வேண்டும். மொத்தத்தோடு கலந்து கேட்டால் கிடைக்காது.

எது பலன் தருகிறது

முதல் வகைச் சோர்வுக்கு மாத்திரை தேடுவது பெரும்பாலும் வீண். 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு, புற்றுநோய்ச் சோர்வைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் ஆதரவும் மருந்துகளைவிட மேல் என்று முடிவு சொன்னது. லிம்போமாவிலேயே நேரடிச் சான்று கனடாவின் ஆல்பர்ட்டாவில் கெர்ரி கோர்னேயா நடத்திய ஆய்வு. 122 லிம்போமா நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை நிலைமிதிவண்டிப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நான்கு வாரம் பதினைந்து இருபது நிமிடம்தான். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாக ஏற்றி ஒன்பதாம் வாரத்தில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பிரிவினரில் சிலர் கீமோ நடுவில் இருந்தவர்கள். உடலியக்கம் மேம்பட்டது, சோர்வு குறைந்தது, கீமோவின் பலனுக்குக் குந்தகம் வரவில்லை. 2009இல் வெளியான இந்த முடிவுக்குப் பின்னும் ‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ என்ற ஒற்றை அறிவுரையோடு நோயாளியை அனுப்புவது பழக்கமாகவே இருக்கிறது. அந்த அறிவுரை முதல் சில வாரத்துக்குச் சரி. ஆறாம் மாதத்தில் அதுவே தீங்கு.

யோகாவைப் பற்றி ஒரு சொல். லோரென்சோ கோஹென் குழு லிம்போமா நோயாளிகள் 39 பேரிடம் திபெத்திய யோகாவைச் சோதித்து 2004இல் வெளியிட்டது. உறக்கம் நன்றாக மேம்பட்டது. சோர்வில் தெளிவான வேறுபாடு இல்லை. உறக்கத்துக்காக யோகாவைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். நடையையும் தசைப் பயிற்சியையும் விட்டுவிட்டு அதை மட்டும் நம்புவதற்குச் சான்று போதாது.

தமிழ்நாட்டில் முதல் நாள் எது?

மேலே சொன்ன தரவுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளைச் சேர்ந்தவை. இங்கே இரண்டு சிக்கல் கூடுதல். கழுத்துக் கட்டி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இறக்கம் ஆகிய நான்கும் காசநோய்க்கும் லிம்போமாவுக்கும் பொது. திசுப் பரிசோதனை செய்யாமல் காசநோய் மருந்தில் மாதங்களைக் கழித்துவிட்டு வருகிறவர்களை இங்குள்ள புற்றுநோய் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அழற்சிக்கு அத்தனை மாதம் கூடுதலாக உடம்பைக் கொடுத்தவர்கள் இவர்கள். நார்வே கண்ட பி அறிகுறிகளின் நீண்ட நிழல் இவர்கள்மேல் இன்னும் அடர்த்தியாக விழக்கூடும் என்று எதிர்பார்ப்பது தகும். அடுத்தது இரத்தசோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. லிம்போமா வருவதற்கு முன்பே களைத்திருக்கும் உடம்பு. இங்கே முதல் நாள் அளவை இன்னும் அவசியமாக்குவது இதுதான்; ஹீமோகுளோபினோடு சேர்த்து எழுதாத சோர்வு எண்ணுக்குப் பாதிப் பொருள்தான்.

சி-30 வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாசித்துக் காட்டலாம்.

வேலையைப் பொறுத்தவரை ஜெர்மனியின் படிப்படியான ஏற்பாட்டுக்கு நிகராக இங்கே எதுவும் இல்லை. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் என்றால் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாண்டுவரை கிடைக்கலாம். அது பெரிய உதவி. ஆனால் வீட்டில் இருந்தால் பணம், போனால் முழு ஷிப்ட் என்ற இரண்டே நிலைதான் அதில். அரை நாள் வேலைக்கு வழியில்லை. கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவருக்கு இதுவும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கீமோவுக்குப் பணம் தருகிறது. கீமோவுக்குப் பிந்தைய வாழ்க்கை தனிமனிதர் பாடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். பன்னிரண்டு வார நடைப் பயிற்சியைக் கண்காணிக்க இதைவிடப் பொருத்தமான கைகள் வேறு இல்லை. லிம்போமா சிகிச்சை முடித்தவரின் பெயரை, அவருடைய இதயப் பரிசோதனை முடிவோடு அந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வட்டார மருத்துவமனைக்கு ஒரு கடிதம் போனால் போதும். மாநிலச் சுகாதாரத் துறை இதை ஓர் அரசாணையாகவே கொண்டுவர வேண்டும்.

புற்றுநோய் மையங்களுக்கு என் வேண்டுகோள் இது: ஸ்கேனுக்கு எழுதும் அதே நாளில் அந்த மூன்று கேள்வியையும் கேட்டு எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதற்குக் கீழே அடுத்த எண்ணை எழுதுங்கள். கழுத்துக்கோ மார்புக்கோ கதிர்வீச்சு பெற்றவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடைசியாக டி.எஸ்.எச். எப்போது பார்த்தீர்கள் என்று உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.